பெரிய நாயும் குட்டியும் உருண்டு புரள்கின்றன. விளையாட்டா, சண்டையா?

மாடிவீட்டு மீனா (மதுரை):

வணக்கம். ரொம்ப நாளாக வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் கருப்பன் என்று ஒரு லேப் (லாப்ரடார்) கலப்பு இருக்கிறான். 6 வயது முடிந்து 7 நடக்கிறது, எடை 29 கிலோ. பரம சாது. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் தம்பிகூட அவன் தலையைத் தடவிவிட்டுத்தான் படியேறுவார். போன மாதம் கோவில்பட்டிப் பக்கம் வேலையாகப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது ஒரு சிப்பிப்பாறைக் குட்டியோடு வந்து நின்றார். பெட்டைக்குட்டி, இப்போது ஐந்தாவது மாதம், பெயர் சிட்டு. ஒன்பது கிலோதான் இருக்கும், எல்லாம் காலும் மூக்கும்தான்.

பிரச்சினை சாயங்காலம் மொட்டை மாடியில். ஆறு மணிக்குத் துணி எடுக்கப் போகும்போது இரண்டையும் கூட்டிப்போவேன். அங்கே நடப்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. சிட்டு ஓடிவந்து கருப்பன் கழுத்துச் சதையைக் கவ்விக்கொண்டு தொங்குகிறாள். அவன் ஒரு உறுமல் உறுமி அவளை மல்லாக்கத் தள்ளி, முழு வாயையும் திறந்து அவள் கழுத்தின்மேல் வைக்கிறான். பல் எல்லாம் தெரிகிறது. அவள் கீழே கிடந்தபடியே பின்னங்காலால் அவன் முகத்தில் உதைக்கிறாள். சத்தம் பக்கத்துத் தெருவரை கேட்கும். நான் ஓடிப்போய்ப் பிரித்துவிட்டால் இரண்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கின்றன.

நேற்று கருப்பன் முன்னங்காலில் ரத்தக்கறை. தேடிப் பார்த்தால் அவன் உடம்பில் காயமே இல்லை. சிட்டு உடம்பிலும் இல்லை. அப்புறம் ரத்தம் எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாடியில் மட்டும் இல்லை, சில சமயம் கீழே சமையலறை வாசலிலும் உறுமுகிறான். அங்கே இவ்வளவு சத்தம் இருக்காது, சின்ன உறுமல்தான். அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் அத்தை (மாமியார்) "பெரியது ஒருநாள் சின்னதைக் கொன்னு போட்டுடும், கொண்டுபோய் விட்டுட்டு வாங்க" என்று தினமும் சொல்கிறார். எனக்கும் பயம் வந்துவிட்டது. இது விளையாட்டா, சண்டையா? எப்போது பிரிக்கவேண்டும், எப்போது விட்டுவிடவேண்டும்?

---

சிப்பிப்பாறைக்காரன்:

அக்கா, மாடியில் நடப்பது நீங்கள் எழுதியபடி இருந்தால் விளையாட்டுதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சிப்பிப்பாறை இருக்கிறது, குட்டிகள் இப்படிக் கழுத்தைப் பிடித்துத் தொங்காவிட்டால்தான் உடம்புக்கு என்னவோ என்று பார்ப்போம்.

சத்தத்தை விடுங்கள், பல்லையும் விடுங்கள். உடம்பைப் பாருங்கள். விளையாடுகிற நாயின் உடம்பு ஈரத்துணி மாதிரி தொளதொளவென்று இருக்கும். நேராக ஓடாது, வளைந்து வளைந்து, குதித்துக் குதித்து, தேவையே இல்லாமல் எகிறி விழுந்து, பாதி நேரம் தன் காலே தடுக்கி விழும். வால் மட்டும் ஆடாது, இடுப்போடு சேர்ந்து ஆடும். கோபத்தில் இருக்கிற நாய் ஒரு அசைவைக்கூட வீணாக்காது. விறைத்து நிற்கும், வாயை மூடிக்கொள்ளும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். வால் அப்போதும் ஆடலாம், ஆனால் கம்பி மாதிரி மேலே நின்று சின்னச் சின்னதாக நடுங்கும். வால் ஆட்டுகிறது, ஒன்றும் செய்யாது என்று நம்பிக் கையை நீட்டிக் கடி வாங்கினவர்கள் எங்கள் ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் என் சித்தப்பா.

அப்புறம், முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சோம்பல் முறிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் கண் எதிராளி மேல் இருக்கும். அது "வர்றியா?" என்று கூப்பிடுவது. நடுநடுவே தும்மினாலும் நல்ல அடையாளம். சளி இல்லை, விளையாட்டில் தும்முவது நாய்களுக்குப் பழக்கம்.

ரத்தம் பல் விழுவதால் வந்திருக்கும். நாலு மாதத்தில் தொடங்கி ஆறு, ஏழு மாதத்துக்குள் பால்பல் எல்லாம் விழுந்து புதுப்பல் வரும். சிட்டுவின் ஈறைத் தூக்கிப் பாருங்கள்.

---

ஓசூர் காவலன்:

இவ்வளவு யோசிக்கவே வேண்டாம் மேடம். நாய்களுக்குள் யார் தலைவன் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை அவை தீர்த்துக்கொள்ளட்டும். நடுவில் போனால்தான் கெடும். குட்டி ரொம்பத் துள்ளினால் நீங்களே மல்லாக்கப் போட்டு ஒரு நிமிடம் அமுக்கிப் பிடியுங்கள், வீட்டில் யார் பெரியவர் என்று புரிந்துவிடும். நான் இரண்டு ஜெர்மன் ஷெப்பர்டு வளர்க்கிறேன், இதுதான் முறை. உறுமினால் உடனே அதட்டி நிறுத்துங்கள், உறுமவே விடாதீர்கள்.

---

பழைய கால்நடை டாக்டர்:

காவலன் தம்பி, கோபித்துக்கொள்ளக்கூடாது, நீங்கள் சொன்ன இரண்டுமே ஆபத்தானவை. நான் 31 வருடம் ஊசி போட்டவன், கையில் தழும்பும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன்.

முதலில் அந்தத் தலைவன் கணக்கு. அது ஓநாய் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. 1940களில் சுவிட்சர்லாந்தில் அடைத்து வைத்த ஓநாய்களை ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் பார்த்து எழுதியதிலிருந்து இந்தப் பேச்சு பரவியது. முன்பின் தெரியாத ஓநாய்களை ஒரே இடத்தில் போட்டு அடைத்தால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும், மனிதர்களை அடைத்தாலும் அதுதான் நடக்கும். காட்டில் ஓநாய்க்கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம். ஓநாய்களைக் காலமெல்லாம் ஆராய்ந்த டேவிட் மீச் என்ற அமெரிக்கரும் ஆரம்பத்தில் அதே பேச்சைப் பரப்பியவர்தான், 1999இல் அவரே அந்தத் 'தலைவன்' (ஆல்ஃபா) என்ற சொல் பொருந்தாது என்று எழுதினார். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது, நம் ஊர் நாய்ப் பயிற்சிக்காரர்களுக்கு மட்டும் தபால் இன்னும் வந்து சேரவில்லை. குட்டியை மல்லாக்கப் போட்டு அமுக்கினால் அது கற்றுக்கொள்வது ஒன்றுதான், உங்கள் கை பக்கத்தில் வந்தால் பயப்படவேண்டும் என்று.

இரண்டாவது, உறுமலை அடக்குவது. உறுமல் என்பது நாய் நமக்குச் செய்கிற உபகாரம். "எனக்குப் பிடிக்கவில்லை, விலகு" என்று வாயால் சொல்கிறது. அதை அதட்டி அதட்டி நிறுத்தினால் பிடிக்காமை போகாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். "சத்தமே போடாமல் திடீரென்று கடித்துவிட்டது டாக்டர்" என்று என்னிடம் கொண்டுவந்த நாய்களில் பாதி, உறுமியதற்காக அடி வாங்கி வளர்ந்தவை.

இப்போது மீனா அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். சிப்பிப்பாறைத் தம்பி சொன்னது சரி. மாடிச் சத்தம் எனக்குக் கவலை தரவில்லை. விளையாட்டு உறுமலும் சண்டை உறுமலும் வேறு வேறு என்று உங்கள் காதுக்கே தெரியும், கொஞ்சம் பழகவேண்டும், அவ்வளவுதான். ஹங்கேரியில் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 2017இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். நாய்களின் உறுமலை மட்டும் பதிவுசெய்து, படம் இல்லாமல் மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். விளையாட்டா, சாப்பாட்டைக் காப்பாற்றுகிறதா, புது ஆளை மிரட்டுகிறதா என்று கேட்டதற்கு 63 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதிலும் பெண்கள் ஆண்களைவிட நன்றாகச் சொன்னார்கள். விளையாட்டு உறுமல் துண்டு துண்டாக, அடுத்தடுத்து, அவசர அவசரமாக வரும். மற்றது நீளமாக, அடித்தொண்டையில் இழுத்து வரும்.

மல்லாக்க விழுவதையும் தப்பாகப் புரிந்துகொள்கிறோம். கீழே விழுந்தவன் தோற்றான், பயந்தான் என்று நினைக்கிறோம். கனடாவில் 2015இல் விளையாட்டு நடுவே நாய்கள் புரள்வதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர்கள், பெரும்பாலும் கடியிலிருந்து கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும், கீழிருந்து கடிக்க வாகு பார்க்கவும்தான் அவை புரள்கின்றன என்று கண்டார்கள். சிட்டு கீழே கிடந்து உதைக்கிறாளே, அது அதுதான். பெரிய நாய் தானாகவே கீழே படுத்து இடம் கொடுக்கும், பலத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்பா பிள்ளையோடு மல்யுத்தம் போடுகிற மாதிரி.

ஆனால் அம்மா, நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத அந்தச் சமையலறை வாசல்தான் எனக்கு உறுத்துகிறது. சத்தம் குறைவு, அசைவு குறைவு, ஒரே இடம். அங்கே என்ன இருக்கிறது? தட்டா, தண்ணீரா, மீன் கழுவுகிற வாடையா, அவன் படுக்கிற சாக்கா? உறுமும்போது அவன் எழுந்து நிற்கிறானா, படுத்தபடியேவா? கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கிறானா? அதை ஒரு முறை நிதானமாகப் பார்த்து எழுதுங்கள்.

இன்னொரு வேலையும் செய்யுங்கள். மாடியில் விளையாட்டு உச்சத்தில் இருக்கும்போது கருப்பனைப் பெல்ட்டைப் பிடித்து மென்மையாகத் தள்ளி நிறுத்துங்கள். சிட்டு என்ன செய்கிறாள்? மறுபடி அவனிடமே ஓடிவந்தால் அவளுக்கு இது வேண்டும் என்று அர்த்தம். உதறிவிட்டுக் கதவுப்பக்கம் போனாலோ உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தாலோ, போதும் என்று சொல்கிறாள். பிறகு மாற்றிச் செய்யுங்கள். சிட்டுவைப் பிடித்துக்கொண்டு கருப்பன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை.

---

ஓசூர் காவலன்:

சரி சார், உறுமல் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நடுவில் போகக்கூடாது என்று நான் சொன்னது தப்பா? ஒவ்வொரு தடவையும் பிரித்தால் அவை எப்படிப் பழகும்?

---

கோவைக்காரன்:

நடுவில் போவது பற்றி நான் சொல்கிறேன், வலது கை சுண்டுவிரல் இன்னும் முழுசாக மடங்காது.

எங்களிடம் இரண்டு நாட்டு நாய், அண்ணன் தம்பி, ஒரே ஈற்று. மூன்று வருடம் ஒரே சாக்கில் படுத்துத் தூங்கினவை. தினமும் இதே உருளல் புரளல்தான், நாங்கள் சிரித்துக்கொண்டே பார்ப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு ஒன்றைப் பையன் வாசலில் போட்டுவிட்டான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. அப்போது நான் கவனித்தது என்ன தெரியுமா? அமைதி. இரண்டும் சிலை மாதிரி நின்றன, ஒரு இரண்டு நொடி இருக்கும். வழக்கமான துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போது அந்த இரண்டு நொடியைப் பார்த்தால் எந்தத் தெருவிலும் அடையாளம் சொல்லிவிடுவேன். அடுத்த நொடி ஒன்றின் காது இன்னொன்றின் வாயில். விடவே இல்லை. விளையாட்டில் கவ்வும், விடும், இடம் மாற்றும். இங்கே கவ்விப் பிடித்து உதறியது. கடிபட்டது அலறிய அலறலில் எதிர்வீட்டுக் கதவெல்லாம் திறந்துவிட்டது, கடித்தது அதைக் காதிலேயே வாங்கவில்லை.

நான் முட்டாள்தனமாக இரண்டுக்கும் நடுவே கையை விட்டேன். யார் கடித்தது என்றுகூடத் தெரியாது, அவற்றுக்கும் தெரிந்திருக்காது. அந்த வெறியில் கழுத்துப்பக்கம் எது வந்தாலும் கடிதான். கடைசியில் பிரித்தது என் மனைவி, வாசல் தெளிக்க வைத்திருந்த ஒரு வாளித் தண்ணீரை அப்படியே முகத்தில் ஊற்றினாள். தண்ணீர் இல்லையா, தடிப்பான போர்வையை மேலே போடுங்கள், பிளாஸ்டிக் நாற்காலியை நடுவே தள்ளுங்கள், எவர்சில்வர் தட்டைத் தரையில் அடியுங்கள். கையை மட்டும் விடாதீர்கள். அடிக்கவும் கூடாது, அடித்தால் எதிராளிதான் அடிக்கிறான் என்று இன்னும் இறுக்கும்.

கடிபட்டவுடன் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவினேன். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள், எதையும் வைக்கவிடவில்லை. வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று நானே முதலில் அசட்டையாகத்தான் இருந்தேன். அரசு மருத்துவமனையில் திட்டினார்கள். முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று நாலு தடவை வெறிநாய்க்கடி ஊசியைத் தோலுக்குள் போட்டார்கள். சதையில் போடுகிற முறை என்றால் 14ஆம் நாளும் சேர்த்து ஐந்து.

காவலன் நண்பரே, உங்கள் கேள்விக்குப் பதில்: ஒவ்வொரு தடவையும் பிரிக்கவேண்டாம்தான். ஆனால் சண்டை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விளையாட்டு சூடேறிக்கொண்டே போனால், நடுவில் நிற்கிற சின்னச் சின்ன ஓய்வு இல்லாமல் போனால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு அரை நிமிடம் ஆறவிடுங்கள். நன்றாக விளையாடுகிற நாய்கள் தாங்களாகவே நிறுத்தித் தண்ணீர் குடிக்கும், உதறும், தரையை முகரும். செய்யாதபோது நாம் செய்துவைக்கவேண்டும்.

---

சிப்பிப்பாறைக்காரன்:

கோவை அண்ணன் சொன்ன அந்த இரண்டு நொடி அமைதி, நூற்றுக்கு நூறு. நான் அதை எழுத மறந்துவிட்டேன்.

இன்னொன்று, சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கு மட்டும். இது முயல் துரத்த வளர்த்த சாதி. ஓடுவதைப் பார்த்தால் ரத்தத்தில் இருப்பது எழும். கருப்பன் பெரியவன், அதனால் இப்போது பிரச்சினை இல்லை. நாளை சிட்டு வளர்ந்து, பக்கத்து வீட்டு பொமேரியன் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடினால், துரத்தல் விளையாட்டு நடுவழியில் வேட்டையாக மாறலாம். அதில் கோபமே இருக்காது, உறுமல்கூட இருக்காது. கொஞ்சிக்கொண்டிருந்தது திடீரென்று இப்படிச் செய்துவிட்டதே என்று நினைப்பீர்கள். ரொம்பச் சின்ன நாயோடு அவளைக் கண்காணிப்பு இல்லாமல் ஓடவிடாதீர்கள்.

---

வெள்ளையன் அப்பா (விருதுநகர்):

குறுக்கே வருகிறேன். எங்கள் ராஜபாளையத்துக்குக் காது கேட்காது, பிறவியிலேயே. இந்த வெள்ளை நாய்களில் அது உண்டு, தெரியாமலே வளர்ப்பவர்களும் உண்டு. விளையாடும்போது எதிரில் இருக்கிற நாய் "கீச்" என்று கத்தினால் சாதாரணக் குட்டி விட்டுவிடும், கடியின் பலத்தை அப்படித்தான் கூடப்பிறந்தவையிடம் கற்றுக்கொள்ளும். இவனுக்குக் கத்தலும் கேட்காது, உறுமலும் கேட்காது. அதனால் மற்ற நாய்கள் இவனை முரடன் என்று ஒதுக்கின, நாங்களும் ஒரு வருடம் அப்படியே நம்பினோம். ஒரு நாள் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது, அன்றைக்கு அவனை எத்தனை தடவை அடித்திருக்கிறோம் என்று நினைத்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மீனா மேடம் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வெள்ளைக் குட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கலாம்.

---

மாடிவீட்டு மீனா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் பார்த்தேன், வீட்டுக்காரரைப் போனில் படம் எடுக்கச் சொல்லி ராத்திரி மெதுவாக ஓடவிட்டும் பார்த்தேன்.

பல் விஷயம் சரி. மேலே முன்வரிசையில் இரண்டு ஓட்டை, ஈறு சிவந்திருக்கிறது. ஒரு பல் பாயிலேயே கிடந்தது, அரிசி அளவுதான். அத்தை அதைப் பார்த்துவிட்டு "இதுக்கா இவ்ளோ ரத்தம்" என்றார், பாதி சமாதானம்.

மாடியில் கருப்பனைப் பிடித்து நிறுத்தினேன். சிட்டு ஒரு நொடி நின்று, முன்னங்காலை நீட்டி அந்தச் சோம்பல் முறிப்பைப் போட்டு, நேராக வந்து அவன் காதைக் கவ்வினாள். மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே. எனக்குப் பெரிய நிம்மதி.

பிறகு டாக்டர் ஐயா சொன்னபடி சிட்டுவைத் தூக்கிக்கொண்டேன். முதல் தடவை கருப்பன் வந்து அவள் காலை முகர்ந்து வாலை ஆட்டினான். இரண்டாவது தடவை அப்படியே நின்றான். மூன்றாவது தடவை, நான் அவளைத் தூக்கியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். நான் இறக்கிவிட்டதும் அவள் ஓடிப்போய் அவன் மேல் ஏறினாள். அவன் முகத்தைத் திருப்பினான், நாக்கால் மூக்கை நக்கினான், மறுபடி முகத்தைத் திருப்பினான். அவள் விடவில்லை. அப்புறம்தான் உறுமினான். நாங்கள் இத்தனை நாளும் பெரியவன் சின்னவளை என்ன செய்வானோ என்றே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சமையலறை வாசலையும் பார்த்தேன். தட்டு இல்லை, மீன் வாடை இல்லை, அங்கே தரை குளிர்ச்சி, மத்தியானம் அவன் படுக்கிற இடம். அவள் பின்பக்கமாக வந்து இடுப்பில் மோதும்போதுதான் உறுமுகிறான். படுத்தபடியேதான், எழுவதுகூட இல்லை. ஓரக்கண்ணில் வெள்ளை தெரிகிறது, ஆமாம்.

---

பழைய கால்நடை டாக்டர்:

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் உறுமலுக்கு முந்தின படி, "வேண்டாம்" என்பதை மரியாதையாகச் சொல்வது. குட்டிக்கு இன்னும் அந்த மரியாதை புரியவில்லை. நாலைந்து மாதம்வரை பெரிய நாய்கள் பொறுத்துப்போகும், அதற்குமேல் கண்டிக்க ஆரம்பிக்கும், அது நியாயமானதுதான். ஆனால் கண்டிக்கிற வேலை முழுவதையும் கருப்பன் தலையில் போடாதீர்கள். அவன் முகத்தைத் திருப்பும்போதே நீங்கள் சிட்டுவைக் கூப்பிட்டு வேறு வேலை கொடுங்கள். சிட்டு ஏறமுடியாத ஒரு இடம், அல்லது ஒரு கதவுக்கு அந்தப்பக்கம், அவனுக்கென்று இருக்கட்டும்.

இடுப்பு என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வேறு சந்தேகம். லேப் வகை, 7 வயது, 29 கிலோ. காலையில் எழும்போது முதல் நாலு அடி விறைப்பாக நடக்கிறானா? மாடிப்படி ஏறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து முயல் மாதிரி வைக்கிறானா? இந்த வகையில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் சகஜம். சாதுவான நாய் வயதான பிறகு உறுமத் தொடங்கினால் நான் முதலில் தேடுவது வலியைத்தான். காதுக்குள் புண், உண்ணிக்காய்ச்சல், பல் சொத்தை, எதுவும் இருக்கலாம். பார்த்துவிடுங்கள். வீட்டில் இருக்கிற மனிதர்களின் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் இப்யூபுரூஃபனும் நாய்க்கு விஷம் மாதிரி வேலை செய்யும், இதற்காகவே வந்து போய்ச்சேர்ந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

---

ஓசூர் காவலன்:

என்னுடைய மூத்தவனுக்கு 9 வயது. சின்னவன் மேல் உறுமுகிறான் என்று போன வாரம்தான் அதட்டினேன். படியேறுவதை நாளைக்குப் பார்க்கிறேன்.

---

மாடிவீட்டு மீனா:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், பையனுக்குப் பரீட்சை.

படி விஷயம் டாக்டர் ஐயா சொன்ன மாதிரியேதான், முயல் மாதிரிதான் வைக்கிறான். தினமும் பின்னாலேயே ஏறியிருக்கிறேன், கண்ணில் படவில்லை. எக்ஸ்ரே எடுத்தோம். இடது இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கிறது. மருந்து கொடுத்திருக்கிறார்கள், எடையை 25க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் கஷ்டமான பகுதி, அத்தை ரகசியமாகக் கொடுக்கிற இட்லியை யார் நிறுத்துவது?

கருப்பனை மாடிக்குத் தினமும் ஏற்றுவதில்லை. சிட்டுவை வீட்டுக்காரர் விடியற்காலையில் பக்கத்து மைதானத்துக்குக் கூட்டிப்போய் நீளக்கயிற்றில் ஓடவிடுகிறார், அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் பாதி நாள் தூங்குகிறாள். சமையலறை வாசலில் ஒரு மரப்பலகையைக் குறுக்கே வைத்திருக்கிறோம். உறுமல் அங்கே நின்றுவிட்டது. சாயங்காலம் கீழ்க்கூடத்தில் பத்து நிமிடம் இரண்டும் விளையாடும், இப்போது பெரும்பாலும் அவன் படுத்துக்கொண்டே வாயை மட்டும் திறந்து விளையாடுகிறான், அவள் சுற்றிச் சுற்றி வருகிறாள்.

சத்தம் மட்டும் குறையவில்லை. நேற்றும் அந்த உறுமல் கேட்டுப் பழைய ஞாபகத்தில் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடினேன். அத்தை சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்காமல், "ஏன் ஓடி வர்றே? இப்பதான் ரெண்டும் தும்முச்சு" என்றார்.